இடாப்பு

நாலு நாட்டுக்கும் ஒரே வினாக்கொத்து.
முத்தையன்கட்டு இடதுகரைக்கு அது வந்து சேர்ந்தபோது
மூன்றாம் பக்கத்தில் ஒரு மலை இருந்தது,
மலையடியில் ஆடு, ஆட்டோடு சிரிக்கும் பிள்ளை.
'நீ பாதுகாப்பாக உணரும் இடத்தை வட்டமிடு.'

மொழிபெயர்ப்புக்கு எனக்கு நாட்கூலி,
மத்தியானச் சாப்பாடு அவர்கள் பொறுப்பு.

மலை பார்த்திராத வினுசியா
பென்சிலைக் கடித்தபடி கனநேரம் பார்த்தாள்.
'இது மண் அணைதானே அக்கா,
ஆக்கள் எந்தப் பக்கம் நிக்கினம்?'
மதிப்பீட்டாளர் என் முகத்தைப் பார்த்தார்.
கேள்வி விளங்கவில்லையாம் என்றேன்.
அடுத்த பக்கத்துக்குப் போனோம்.

தாய்மார் குழுவில் ஒன்பது பேர், ஆறு கதிரை.
உங்கள் பிள்ளை இரவில் நன்றாக நித்திரை கொள்கிறதா?
அழுகிற முகத்திலிருந்து சிரிக்கிற முகம் வரை
ஐந்து வட்டங்கள்.
நின்றுகொண்டிருந்த மரியநாயகி கேட்டா:
'எந்தப் பிள்ளையைக் கேக்கிறியள்?'
தாளில் பெட்டி ஒன்றுதான் இருந்தது.

ஊஞ்சல் இருந்த இடத்தில் இரண்டு இரும்புக்குழாய்.
பலகையை ஆரோ வாசற்படியாகப் போட்டிருந்தார்கள்,
சங்கிலி ஒரு செவலைப் பசுவின் கழுத்தில்.
சொத்துப் பராமரிப்பு திருப்தியில்லை,
எழுதிய பேனையிலும் அதே இலச்சினை.
வேலியோரம் நின்ற பெடியன்
பசுவை மெல்ல வீட்டுக்குப் பின்னால் கொண்டுபோனான்.

பிறகு செல்வறஞ்சினி இடாப்பைக் கொண்டுவந்தா.
யூரியாப் பைக்குள் பொலித்தீன், பொலித்தீனுக்குள் சீலைத்துண்டு.
இடுப்பில் கட்டித் திரிந்ததால்
மட்டை அவவின் உடம்புக்கு வளைந்திருந்தது.
ஒரு மூலையில் நந்திக்கடல் தண்ணி பட்டு
பத்துப் பெயர் ஒரே நீலமாகியிருந்தது.

தொடக்கத்தில் எல்லாம் ஒழுங்கு:
சிவப்புக் கோடு, வெள்ளிக்கிழமை பிஸ்கட் கணக்கு,
நாற்பத்திமூன்று பேர்.
அதுக்குப் பிறகு திகதி எழுதும் இடத்தில் ஊர்.
தேவிபுரம், முப்பத்தெட்டு.
இரணைப்பாலை, இருபத்தாறு.
பொக்கணை, பதினொன்று.
வலைஞர்மடம் என்று எழுதி
பக்கத்தில் ஒன்றும் எழுதவில்லை.

இந்தக் காலத்தில் திட்டம் இடைநிறுத்தப்பட்டிருந்தது,
இவர் என்ன செயற்பாட்டைச் செய்தார் என்று கேளுங்கள்.
கேட்டேன்.
'பேர் கூப்பிட்டனான்.'
வேறை?
'பின்னேரம் ஆறு மணிக்கு, பங்கருக்குப் பங்கர் போய்.
உள்ளேன் எண்டால் ஒரு கோடு.'
சொல்லாட்டி?
'இன்னொருக்கால் கூப்பிடுவன்.'

நான் அதை இப்படிச் சொன்னேன்:
வருகைப் பதிவு மேற்கொள்ளப்பட்டது.
என் வாயால்தான் சொன்னேன்.
செல்வறஞ்சினி தலையாட்டிக்கொண்டிருந்தா,
சரியாகத்தான் சொல்லுவேன் என்ற நம்பிக்கையில்.

கடைசிப் பக்கம் செட்டிக்குளம் முகாம், ஐம்பத்திரண்டு.
மதிப்பீட்டாளரின் விரல் அங்கே நின்றது.
நாற்பத்திமூன்றுக்கு மேலே எப்படி?
'கூப்பிடேக்கை பக்கத்துத் தறப்பாள் பிள்ளையளும்
உள்ளேன் ரீச்சர் எண்டதுகள்.
பேரில்லை, போ எண்டு சொல்ல ஏலுமே?'
புதிய பெயர்கள் கரியால் எழுதியவை போலத் தடித்திருந்தன.
ஒவ்வொன்றுக்கும் எதிரே வேறு வேறு ஊர்.
அவர்களைப் பயனாளிகளாகக் கொள்ள முடியாது என்று முடிவாயிற்று.
அட்டவணைக்குக் கீழே ஒரு சிறு குறிப்பு வரும்.
இடாப்பைக் கைபேசியில் படம் எடுத்தார்,
வலைஞர்மடப் பக்கத்தில் வெளிச்சம் காணாது என்று
இரண்டு தரம்.

வாகனத்தில் ஏறும்போது அந்தப் பெடியன் ஓடிவந்தான்.
பசு இழுபட்டுப் பின்னால் வந்தது.
'சங்கிலியைத் திருப்பி எடுக்கவோ வந்தனீங்கள்?'

என்ன சொல்கிறான்?
பசுவின் பெயரைச் சொல்கிறான் என்றேன்.
என்ன பெயராம்?
பேனை இன்னும் திறந்தே இருந்தது.

அவனிடம் கேட்டேன்.
அவன் எனக்குச் சொல்லவில்லை,
பசுவின் பக்கம் திரும்பிக் கூப்பிட்டான்.

அது தலையைத் தூக்கிப் பார்த்தது.